வேறு நிற ஜெர்சி

வாலிபால் பார்க்கிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்தச் சந்தேகம் வந்திருக்கும்: ஆறு பேரில் ஒருத்தன் மட்டும் ஏன் வேறு நிறத்தில் ஜெர்சி போட்டிருக்கிறான்? அவன்தான் லிபரோ, பின்வரிசையில் நின்று பந்து தரையில் விழாமல் எடுத்துக் கொடுக்கிறவன். கல்லூரியில் தொடங்கி முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் நான் போட்டது அந்த ஜெர்சிதான்.

என் உயரம் 167 செ.மீ. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். பாலக்காட்டு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த உயரத்தில் வருகிற பையனைப் பெரும்பாலும் செட்டராக்கிவிடுவார்கள், அதாவது அடிக்கிறவனுக்கு விரலால் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். எனக்கு விரல் அவ்வளவு பக்குவம் இல்லை. ஆனால் பந்து தரையில் விழுவதை மட்டும் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அதைக் கவனித்து என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியவர் எங்கள் மாஷ், எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

சர்வதேச விதிப்படி லிபரோ சர்வ் போடக் கூடாது, எதிரணி அடிக்கிற பந்தை வலையோரம் தடுக்கிற பிளாக்குக்கு எழும்பக் கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிற கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் செட் போட்டுக் கொடுத்தால், அந்தப் பந்தை வலைக்கு மேலே வைத்து இன்னொருவன் அடிக்கவும் கூடாது. பாயிண்ட் எடுக்கிற வழியெல்லாம் அடைத்தாயிற்று. அதற்குப் பதிலாகக் கிடைக்கிற சலுகை, அவன் உள்ளே வெளியே போய் வருவது மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. இது 1998-ல் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் பின்வரிசைக்கென்று ஒரு ஆளை இறக்கினால், செட்டுக்கு உள்ள ஆறு மாற்றில் ஒன்று போய்விடும். மாஷ் அப்படி இறங்கி ஆடியவர். கண்ணூர்ப் பக்கம் பேராவூர்க்காரரான இந்திய வாலிபால் நட்சத்திரம் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலி வரைக்கும் போய் ஆடிய காலம் அது. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியது. ஊரில் இருக்கிற பையனெல்லாம் ஸ்மாஷ் அடித்துப் பழகியபோது மாஷ் எதிரணி போடுகிற சர்வை வாங்கி எடுத்துப் பழகியிருக்கிறார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்குக் கிடைத்த இன்னொரு வாத்தியார் காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கிற காற்றில் தென்னை மட்டையே பிய்ந்து விழும். பந்தின் எடை 260-லிருந்து 280 கிராம்தான். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடப்பது. கிழக்கு முனையிலிருந்து சுழல் இல்லாமல் போடுகிற ஃப்ளோட் சர்வ், இதோ விழுகிறது என்று நினைக்கும்போது இன்னும் ஒரு முழம் நீளும். மேற்கேயிருந்து வந்தாலோ வலையைத் தாண்டியதும் பொத்தென்று இறங்கும். உள்ளரங்கில் மட்டும் ஆடிப் பழகிய அணிகள் எங்கள் ஊருக்கு வந்து திணறியதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோட்டைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது ஆட ஆரம்பித்துவிடும். ஒரு எட்டு முன்னால் வைத்து, அது ஆடுவதற்குள் விரலால் எடுத்துவிட வேண்டும். எனக்கு அதைப் புரியவைத்தது அந்தக் காற்றுதான்.

எகிறிக் குதித்து அடிக்கிற ஜம்ப் சர்வ் வேறு வகை. பெரிய ஆட்டக்காரர்களின் சர்வ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். கையை விட்டுக் கிளம்பி நம்மிடம் வர ஏறக்குறைய அரை வினாடி. பந்தைப் பார்த்துவிட்டு ஓடினால் முடிந்தது கதை. "பந்தைப் பாத்து என்னடா பண்ணப் போற? அவன் தோளைப் பாரு, டாஸ் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு," என்பார் மாஷ். டாஸ் என்றால் சர்வுக்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது. ஸ்மாஷுக்கும் அதேதான். நம் பிளாக் நேராக அடிக்கிற வழியை அடைத்திருந்தால், குறுக்காக அடிக்கிற வழியில் நான் நிற்பேன். அவன் கை பந்தைத் தொடும் நேரத்தில் என் கால் நின்றிருக்க வேண்டும், எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பந்து பட்டதும் முன்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் வேகம் செத்து, பந்து நேராக மேலே எழும்பும். செட்டர் ஓடி வந்து நிற்க நேரம் கிடைக்கும். ஸ்மாஷ் அடிக்கிற அட்டாக்கரின் முழு பலத்தையும் வாங்கி, செட்டர் கையில் பூவாகக் கொடுக்கிற அந்த ஒரு நொடிக்கு ஈடாக இந்த ஆட்டத்தில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

சம்பாத்தியம் என்று பார்த்தால் லிபரோ பாடு திண்டாட்டம்தான். பொள்ளாச்சி, உடுமலை, நெம்மாறை என்று இரவு ஆட்டங்களுக்குக் கெஸ்ட் பிளேயராகப் போவோம். அட்டாக்கருக்கு ஒரு தொகை, எனக்கு அதில் பாதி கிடைத்தால் பெரிது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் முயன்றேன். ஒரு துறையின் செலக்‌ஷனில் என்னை ஒரு சர்வ் கூட எடுக்கவிடாமல் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு அனுப்பினார்கள். அது இன்னமும் வலிக்கிறது. ஒரு அணிக்கு லிபரோ ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். குதிக்கிற வேலை குறைவு என்பதால் அவர்கள் ரொம்ப வருஷம் ஆடுவார்கள். இடம் காலியாவதே அபூர்வம். அப்புறம் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது, சாயங்காலம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர்களுக்குப் போட்டுக் காட்டுவது பிரேசில் அணி லிபரோ செர்ஜின்யோவின் ஆட்டங்களை. ஒலிம்பிக்கில் 2004 ஏதென்ஸில் தங்கம், 2008-லும் 2012-லும் வெள்ளி, 2016 ரியோவில் 40 வயதில் மறுபடியும் தங்கம். அந்த ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வாலிபாலின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான், ஒரு லிபரோவுக்கு! (அவர் உயரம் 184 செ.மீ. எங்கள் ஊரில் அது அட்டாக்கர் உயரம்.)

ஆனால் நம்மூர் டோர்ணமெண்டுகளில் பெஸ்ட் அட்டாக்கர், பெஸ்ட் பிளாக்கர், பெஸ்ட் செட்டர் என்று கோப்பை வரிசையாக இருக்கும், லிபரோவுக்கு மட்டும் இருக்காது. கமிட்டியில் கேட்டேன். "லிபரோவுக்கு எதை வெச்சுங்கண்ணா மார்க் போடறது?" என்றான் ஒரு தம்பி. கேட்டது நியாயம்தான். பயிற்சியாளர்கள் வழக்கமாகப் போடுகிற கணக்கையே சொன்னேன்: எடுத்த சர்வ் செட்டர் கைக்கு நேராகப் போனால் 3, அவர் நகர்ந்து எடுக்க வேண்டியிருந்தால் 2, எப்படியோ ஆட்டத்தில் இருந்தால் 1, பாயிண்ட் போனால் 0. எத்தனை சர்வ் எடுத்தானோ அதால் வகுத்தால் சராசரி வந்துவிடும்.

சரி என்றார்கள். இந்தத் தை மாத டோர்ணமெண்டில் லிபரோவுக்கும் கோப்பை உண்டு. மைதான ஓரம் உட்கார்ந்து கணக்கு எழுத ஆட்டம் தெரிந்த இரண்டு பேர் தேவை. வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் வர முடிந்தால் சொல்லுங்கள். இரவு சாப்பாடு நம் பொறுப்பு.