பள்ளிக்கூரை மழைநீரைச் சேமிக்க நகராட்சியோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம்

ராமநாதபுரம் கரையோரப் பள்ளிகள் பலவற்றில் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் பிள்ளைகளுக்குக் குடிக்க வழியில்லை. கூரையில் விழும் மழையைப் பிடித்து வைப்பதுதான் கைக்கெட்டிய வழி. பள்ளி மேலாண்மைக் குழுவும் நகராட்சியும் சேர்ந்தால் இது நடக்கும். நடந்த வழியை, தடுக்கி விழும் இடங்களோடு எழுதுகிறோம்.

முதலில் கட்டடம் யாருடையது என்று தாளில் பார்க்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், நகராட்சிப் பள்ளி என்றால் நகராட்சி, அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறை. வாசல் மாறிப் போய் மனுக் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். நில அளவை எண்ணோடு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது குழுவின் தீர்மானம். "மழைநீர்த் தொட்டி வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. தொட்டியின் கொள்ளளவு, அமையும் இடம், கட்டிய பின் பராமரிப்பவர் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதாமல் விட்ட தொட்டிகள்தான் இரண்டு மழைக்காலத்தில் குப்பைத் தொட்டியாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கழுவி விடுவது நகராட்சி, கூரையைக் கூட்டுவதும் வலை மாற்றுவதும் பள்ளி என்று பிரித்து எழுதி, அதே வாசகம் நகர்மன்றத் தீர்மானத்திலும் வரும்படி வார்டு உறுப்பினரிடம் சொல்லி வைக்க வேண்டும். கல்வித் துறையின் தடையின்மைக் கடிதம் இல்லாமல் ஆணையர் கோப்பை நகர்த்த மாட்டார். அதனால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அன்றே மனுவின் நகல் போக வேண்டும்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் உண்டு. வேலைக்குப் போடும் செலவு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஊர் தர வேண்டும். ஊர்ப்பங்கை ஒப்பந்ததாரர் கையில் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. அலுவலகத்தின் பெயரில் வரைவோலை எடுத்து, ரசீது வாங்க வேண்டும்.

அளவுக் கணக்கு இது. 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழும். சேதாரம் போக 8,000 தேறும். 20,000 லிட்டர் தொட்டி நிரம்ப 125 மில்லிமீட்டர் மழை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எளிது. 120 பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் நாளுக்கு 180 லிட்டர். நிரம்பிய தொட்டி சுமார் 110 பள்ளி நாள் தாங்கும். ஆகவே மழைக்காலத்தில் அதைத் தொடாமல், தை பிறந்த பிறகு திறப்பதே சரி.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு எழுதிய மதிப்பீட்டை அப்படியே நகல் எடுத்தால் கான்கிரீட்டின் வலுத் தரம் எம்20 என்றிருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி கடற்கரைச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 ஆக இருக்க வேண்டும். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். தொழில்நுட்ப அனுமதிக்கு முன்பே உதவிப் பொறியாளரிடம் இதைக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் திருத்திய மதிப்பீடு, மறுபடி அனுமதி என்று பருவமழை வந்துவிடும்.

வேலை நடக்கும்போது கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது கலவைத் தண்ணீரை. பக்கத்திலேயே போர் இருந்தால் கொத்தனார் அதைத்தான் பிடிப்பார். அந்த உப்பு கம்பியைத் தின்னும். கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ஒரு தொட்டியில் மூடிக்குக் கீழே விரல் நுழையும் வெடிப்பு. அதன் வழியே செம்பழுப்பாகக் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்தது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பிக் கான்கிரீட்டுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. கலவைக்கும், கட்டிய கான்கிரீட்டை நனைத்து நீராற்றுவதற்கும் லாரித் தண்ணீர் என்று மதிப்பீட்டிலேயே தொகை வைத்துவிட்டால் வாக்குவாதம் இல்லை. கடற்கரை மணலை வடிகட்டிக்குக்கூட எடுக்கக் கூடாது.

வடிகட்டியில் அடியில் கூழாங்கல், நடுவில் கரி, மேலே கழுவிய ஆற்று மணல். கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. சீமைக் கருவேலங் கரியைத் தூள் போகச் சலித்துக் கழுவிப் போடலாம். இரும்பு வலை துருப்பிடிக்கும். காற்றுக்குழாயிலும் வழிந்தோடும் குழாயிலும் கொசு நுழையாத நைலான் வலையைக் கட்ட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிட ஒரு திறந்த குழாய் போதும்.

வடிகட்டிக்கு முன்னால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று அவசியம். கூரையில் விழும் முதல் ஒரு மில்லிமீட்டர் மழை அதில் நிற்கும். காக்கை எச்சமும் காற்று கொண்டுவந்த உப்பும் அதோடு போகும். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையை முழுவதுமாகவே வெளியே விட வேண்டும்.

காலக்கணக்கு முக்கியம். மே விடுமுறையில் வேலை நடக்க வேண்டுமென்றால் மனு டிசம்பரிலேயே போக வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது வேலைக்கு ஆணை தர மாட்டார்கள். தொடங்கிவிட்ட வேலை தொடரலாம்.

குடிக்கத் திறக்கும் முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். குளோரின் கலக்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 20,000 லிட்டருக்கு 80 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். கடற்காற்றில் திறந்து கிடந்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது என்பதால், நகராட்சிக் குடிநீர்ப் பணியாளரை அழைத்துக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) மிச்சக் குளோரின் நிற்கிறதா என்று பார்த்து, தேதியோடு பதிவேட்டில் அவரிடமே கையெழுத்து வாங்குவோம். மூடியின் ஒரு சாவி தலைமையாசிரியரிடம், மற்றொன்று நகராட்சியில்.