ஐந்து பிளை பெட்டி

மணலியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது 2022-23 முதல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபியின் கட்டாயம். எங்கள் சரக்கை வாங்குவது அப்படியொரு நிறுவனம். பொருளைச் செய்வதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கார்பன் கணக்கை அவர்கள் எங்களிடம் கேட்டார்கள். நான் அதை அப்படியே எங்களுக்குப் பொருள் தருபவர்களின் தலையில் இறக்கினேன். நான்கு பக்கப் படிவம், முழுக்க ஆங்கிலம்.

மாதவரத்தில் அட்டைப்பெட்டி செய்து தரும் அண்ணாச்சியிடமிருந்து பதிலே இல்லை. நேரில் போனேன். படிவம் பசை வாளிக்கு மூடியாகியிருந்தது.

"ஸ்கோப் 3 என்றால் மூன்றாவது ஷிஃப்டா, தம்பி?" என்று கேட்டார். நாங்கள் எரிப்பது 1, வாங்கும் மின்சாரத்துக்காக எரிவது 2, வாங்கும் பொருளுக்காக அடுத்தவர் எரிப்பது 3 என்றேன். மின்கட்டண அட்டையையும் டீசல் ரசீதுகளையும் எடுத்து வைத்தார். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு; ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ. ஜெனரேட்டரைக் குறை சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். கூட்டிப் பார்த்தால் அது சொற்பம். சுவரோரம் நின்ற கிராஃப்ட் தாள் ரீல்களில், பெட்டிக்கான அந்தப் பழுப்புத் தாளைச் செய்ய ஆலை எரித்ததில்தான், கணக்கின் பெரும்பகுதி இருந்தது.

அண்ணாச்சி எங்கள் பெட்டி ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிழித்தார். மூன்று தட்டைத் தாள்களுக்கு நடுவே இரண்டு வரிசை நெளிவு; மொத்தம் ஐந்து தாள், அதுதான் ஐந்து பிளை. "ஐந்து பிளை எதற்கு? கப்பலிலா ஏற்றுகிறீர்கள்? அம்பத்தூருக்குத்தானே போகிறது?"

ஒரு காலத்தில் கப்பலில்தான் போனது. ஏற்றுமதி நின்றது, பெட்டியின் வரைபடம் மட்டும் மாறவில்லை.

"ஆறு வருடத்துக்கு முன்பே உங்கள் ஆபீசில் சொன்னேன். வரைபடப்படி செய் என்றார்கள்."

'என்றார்கள்' என்றது மரியாதைக்காக. சொன்னவன் நான்தான்.

மூன்று பிளைக்கு மாறினோம். கார்த்திகை மழையில், கடற்காற்றின் ஈரத்தில் அட்டை தளர்ந்து அடுக்கின் அடிப்பெட்டிகள் நசுங்கின. கிடங்குப் பொறுப்பாளர் என்னை ஒரு பிடி பிடித்தார். வெளித்தாளைக் கொஞ்சம் கனமாக்கி, ஆறு அடுக்கை நான்காகக் குறைத்த பிறகே நிலைமை சரியானது. அப்படியும் பெட்டிக்குக் கால் கிலோவுக்கு மேல் தாள் மிச்சம்.

மிச்சமான பணத்தில் பாதி அண்ணாச்சிக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலையை முழுவதுமாகக் குறைத்தால் என்ன என்று கேட்டு, கணக்குப் பிரிவு கோப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. நாளை மூன்றாம் முறையாக எடுத்துப் போகிறேன்.