பாடம் பதிவதற்கு ஓபிஎஸ்: கேம் ஆடுகிறவர்களின் செட்டிங்ஸ் நமக்கு எதற்கு?

கணினித் திரையைப் பதிவு செய்யவும் நேரலை விடவும் உதவும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவுக்கு எந்த செட்டிங் நல்லது என்று தேடிப் பாருங்கள், வருகிற வீடியோக்களில் முக்கால்வாசி கேம் ஆடுகிறவர்கள் போட்டதாகத்தான் இருக்கும். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) வையுங்கள், பிட்ரேட்டை (நொடிக்குச் செலவாகும் டேட்டா அளவை) ஏற்றுங்கள், முடிந்தால் புது கிராபிக்ஸ் கார்டு வாங்குங்கள். திரை முழுக்க ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கிறது, அவர்களுக்கு அதெல்லாம் தேவை. எக்செல், டேலி, தமிழ்99 தட்டச்சு என்று பாடம் எடுப்பவரின் திரையோ பெரும்பாலும் அப்படியே நிற்கும். அசைவது மவுஸ் அம்பும் நடுநடுவே திறக்கும் ஒரு மெனுவும்தான். பார்க்கிறவருக்கு வேண்டியது எழுத்து படிக்கும்படி இருப்பது. அதுவும் போனில், டேட்டா மிச்சம் பிடிக்க 360பி-யில் ஓடவிட்டு.

1920 × 1080 திரையை 640 × 360 ஆகச் சுருக்கினால் ஒன்பது புள்ளிகளுக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சும். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கிவிடும். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி. உங்கள் திரையில் அதற்கு இரண்டு மூன்று பிக்சல்தான், சுருங்கினால் ஒன்றுகூடத் தேறாது. அப்புறம் ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொண்டு எது எது என்றே தெரியாது. பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் இது சரியாகாது. எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஓபிஎஸ்ஸைத் திறக்கும் முன்பே விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்குங்கள். எக்செல்லுக்குள் இருக்கும் ஜூம் கட்டங்களை மட்டும்தான் பெரிதாக்கும், மேலே ரிப்பனும் மெனுவும் அப்படியே பொடியாக இருக்கும். நாம் காட்டப்போவதே அந்த ரிப்பனில் இருக்கும் பட்டனைத்தானே. மவுஸ் அம்பையும் விண்டோஸின் ஆக்சஸிபிலிட்டி அமைப்பில் ஒரு சுற்று பெரிதாக்கிவிடுங்கள்.

இனி ஓபிஎஸ். வீடியோ பகுதியில் பேஸ் ரெசல்யூஷன் (ஓபிஎஸ்ஸுக்குள் இருக்கும் திரையின் அளவு), அவுட்புட் ரெசல்யூஷன் (பதிவாகும் வீடியோவின் அளவு) என்று இரண்டு இருக்கும். இரண்டையும் உங்கள் திரையின் அளவுக்கே வைத்துவிடுங்கள். 1080-ஐ 720 ஆகச் சுருக்கினால் ஃபைல் சின்னதாகும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஒன்றரைக்கு ஒன்று என்ற விகிதம் முழு எண் இல்லை, அதனால் ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடெல்லாம் பக்கத்துப் பிக்சல்களில் கசியும். எக்செல் கட்டங்களின் கோடுகளைப் பார்த்தாலே தெரியும். சுருக்கியே ஆக வேண்டுமென்றால் எந்த முறையில் சுருக்குவது என்று கேட்கும் டவுன்ஸ்கேல் ஃபில்டரில் லான்சோஸ் தேர்ந்தெடுங்கள். பழைய லேப்டாப்பில் 1366 × 768 திரை இருந்தால், பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் விண்டோஸிலேயே திரையை 1280 × 720-க்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பதிவில் சுத்தமாக விழும்.

எஃப்பிஎஸ் 30 போதும். மவுஸ் நகர்வதற்கு 60 எதற்கு?

அவுட்புட் பகுதியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சிம்பிள் மோடில் ரெக்கார்டிங் குவாலிட்டி என்பது ‘சேம் ஆஸ் ஸ்ட்ரீம்’ என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நேரலைக்காக வைத்த பிட்ரேட்டில்தான் அது பதியும், போதாததற்குப் பதிவை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனும் வராது. பாடம் எடுக்கிறவருக்கு பாஸ் இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டம், இடையில் தண்ணீர் குடிப்பதைக்கூட வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஹை குவாலிட்டி, மீடியம் ஃபைல் சைஸ்’ என்பதே தாராளம். கடைசியில் ‘லாஸ்லெஸ்’ என்று ஒன்று இருக்கும், ஃபைல் பயங்கரமாகப் பெருக்கும் என்று அதன் பெயரிலேயே எழுதியிருப்பார்கள், நம்புங்கள்.

அட்வான்ஸ்டு மோடுக்குப் போகிறவர்கள் ரேட் கன்ட்ரோலில் சிபிஆர் வைக்காதீர்கள், சிஆர்எஃப் வையுங்கள். சிபிஆர் என்றால் திரையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் நொடிக்கு இவ்வளவு என்று செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆனால் திடீரென்று ஒரு ஸ்லைடு மாறும்போது அதே அளவு போதாமல் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடையும். சிஆர்எஃப் தரத்தைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிடும். வீடியோவைச் சுருக்கி எழுதும் எக்ஸ்264 என்கோடரில் இதற்கு 0 முதல் 51 வரை எண் உண்டு, எண் குறையக் குறையத் தரம் கூடும். எழுத்துள்ள திரைக்கு 18 முதல் 20 வரை வையுங்கள். அசையாத திரை என்பதால் ஃபைல் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெருக்காது. என்விடியா கார்டு இருந்தால் அந்தக் கார்டின் என்கோடரான என்வென்க் தேர்ந்தெடுத்து, சிஆர்எஃப்புக்குப் பதில் சிக்யூபி வையுங்கள், கிட்டத்தட்ட அதே எண்தான்.

சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கசங்குகிறது என்று கேட்பவர்களுக்கு: ஓபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்வி12 வண்ண அமைப்பில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் பதியும், நிறம் மட்டும் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒன்று. கறுப்பு வெள்ளை எழுத்துக்கு இதனால் நஷ்டமில்லை. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து வைத்தால் ஓரங்கள் கலங்கிவிடும். நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதியும் ஐ444-க்கு மாற்றலாம் என்பார்கள். மாற்றினாலும் யூடியூப் திரும்ப மாற்றி எழுதும்போது பழையபடி ஆகிவிடும், பல போன்களில் அந்த ஃபைல் நேரடியாகத் திறக்கவும் செய்யாது. நிறத்தை மாற்றுவதுதான் சுலபம்.

ஃபைல் வகை எம்கேவி. எம்பி4-இல் ஃபைலைத் திறப்பதற்கான அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும், அதற்கு முன்னால் கரன்ட் போனால் மணிக்கணக்கில் பேசியது மொத்தமும் போச்சு. எம்கேவியில் கரன்ட் போன நொடி வரை பத்திரமாக இருக்கும். எடிட்டருக்கு எம்பி4 வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் இருக்கிறது, அது ஃபைல் வகையை மட்டும் மாற்றும், தரம் ஒரு துளியும் குறையாது, நேரமும் பிடிக்காது. அட்வான்ஸ்டு பகுதியில் டிக் செய்தால் தானாகவே செய்துவிடும். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்றும் இருக்கிறது, அதுவும் இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான்.

எதைப் பதிவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே ஒரு சாளரத்தைப் பதியும் விண்டோ கேப்சர் பார்க்க நாகரிகமாக இருக்கும், ஆனால் விண்டோஸில் ரைட் கிளிக் மெனுவும் கீழே விரியும் பட்டியல்களும் பெரும்பாலும் தனிச் சாளரங்கள், அவை பதிவில் வரவே வராது. ‘இதைச் சொடுக்குங்கள்’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், பார்ப்பவருக்கு அம்பு வெறும் இடத்தில் நகர்வதுதான் தெரியும். அதனால் முழுத் திரையையும் பதியும் டிஸ்பிளே கேப்சர்தான். வாட்ஸப் அறிவிப்பு எட்டிப் பார்க்காமலிருக்க டூ நாட் டிஸ்டர்ப் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாத ஓரத்தை ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்து வெட்டிவிடலாம்.

பாஸுக்கு ஹாட்கீ (குறுக்குவிசை) வைக்கும்போது எக்செல்காரர்கள் எஃப்2, எஃப்4, எஃப்9 பக்கம் போகாதீர்கள், பாடத்தின் நடுவில் அவை தேவைப்படும். கீபோர்டில் பாஸ் என்றே ஒரு விசை சும்மா கிடக்கிறது.

ஒலி. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் சரியில்லாவிட்டால் போய்விடுவார்கள். பேசும்போது மீட்டர் மஞ்சள் பகுதியில், அதாவது மைனஸ் 20-க்கும் மைனஸ் 9 டெசிபலுக்கும் நடுவில் ஆட வேண்டும், சிவப்பைத் தொட்டால் குறையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஃபேனை நிறுத்தவும் முடியாது. மைக்கின் ஃபில்டர்ஸில் நாய்ஸ் சப்ரஷன், அதில் ஆர்என்நாய்ஸ் தேர்ந்தெடுத்தால் ஃபேனின் இரைச்சல் நன்றாகவே அடங்கும். காற்று நேராக மைக்கில் அடித்தால் மட்டும் எந்த ஃபில்டரும் உதவாது, மைக்கை நகர்த்துங்கள். ஹெட்போனில் கேட்டவர் ஒரு காதில்தான் வருகிறது என்றால் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸில் மோனோ டிக் செய்யுங்கள்.

குரல் ஒரு டிராக், கணினியின் சத்தம் இன்னொரு டிராக் என்று பிரித்துப் பதிவதும் நல்லது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைப் பாருங்கள், அதே படத்தின் மேல் தமிழ்க் குரலை ஏற்றித் தருகிறார்கள். உங்கள் பாடத்துக்கும் நாளைக்கு அப்படி வேறு குரல் தேவைப்படலாம், அல்லது ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பேச வேண்டி வரலாம். பல பிளேயர்கள் முதல் டிராக்கை மட்டுமே ஒலிக்கும் என்பதால் எல்லாம் கலந்ததை முதலாவதில் வைத்துவிட்டு, தனித்தனியானவற்றை 2, 3-இல் போடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்ததும் ப்ரொஃபைல் மெனுவில் ‘பாடம்’ என்று ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், நேரலைக்கு வேறொன்று. கணினி மாற்றும்போது ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்தால் மட்டும் போதாது, திரை, மைக் என்று எதையெல்லாம் பதிவது என்பதை வைத்திருக்கும் சீன் கலெக்‌ஷனைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், மைக் ஃபில்டரெல்லாம் அதில்தான் இருக்கிறது.