517 காட்டிய பீக்

டென்ட்ரிமர் என்பது ஒரு கருவிலிருந்து மரம் போலக் கிளைகிளையாக விரியும் மூலக்கூறு. அதைச் செய்யக் காகிதத்தில் இரண்டே படிகள். எத்திலீன்டையமீனில் மெத்தில் அக்ரிலேட்டைச் சேர்த்தால் கிளை நுனிகளில் எஸ்டர் வரும். அதன்மேல் திரும்ப எத்திலீன்டையமீன் ஊற்றினால் நுனிகள் அமீனாகும். இந்த இரண்டு படியும் சேர்ந்தது ஒரு தலைமுறை; முதல் சுற்றில் வருவது பூஜ்யத் தலைமுறை. இதையே சுற்றிச் சுற்றிச் செய்தால் நுனிகள் 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். டொமாலியா குழு 1985இல் வெளியிட்ட பாமாம் வகை இது. நான்காம் தலைமுறை வரை வளர்த்து, அதன் வயிற்றுக்குள் தாமிர நானோதுகளைப் பிடித்து வைப்பதுதான் என் வேலை.

வம்பெல்லாம் இரண்டாம் படியில். எத்திலீன்டையமீன் குறைந்தால் அது தன் இரண்டு கையாலும் இரண்டு எஸ்டரைப் பிடித்து வளையம் போட்டுவிடும், இல்லையென்றால் இரண்டு மூலக்கூறுகளை ஒட்டிவிடும். அதனால் தேவைக்குப் பல மடங்கு ஊற்ற வேண்டும். அப்புறம் அந்த மிச்சத்தைத் துளி விடாமல் எடுக்கவும் வேண்டும். டொலுயீனும் மெத்தனாலும் 9:1 கலந்து ஊற்றி, வெற்றிடத்தில் சுழற்றினால் அமீனும் கூடவே ஆவியாகும். குடுவையில் தேன் போல ஒட்டும் பிசின் நிற்கும். மறுபடி ஊற்று, மறுபடி சுழற்று. நான்கு தடவையில் எனக்கு அலுத்துவிட்டது.

மூலக்கூறுகளின் நிறையைப் பீக்குகளாகக் காட்டும் நிறைமாலையில், இரண்டாம் தலைமுறையின் நிறை 3256 இருக்க வேண்டும். இருந்தது. பக்கத்திலேயே 517இல் இன்னொரு பீக். அது பூஜ்யத் தலைமுறையின் நிறை! முந்தைய சுற்றில் நான் விட்டுவைத்த அமீன் தானே ஒரு கருவாகி, தனிக் குட்டி மரமாக வளர்ந்திருந்தது. அமீனைக் கண்டால் ஊதாவாகும் நின்ஹைட்ரின் சோதனை இதைக் காட்டிக்கொடுத்திருக்காது. டென்ட்ரிமரின் நுனியும் அமீன்தானே, எப்படியும் ஊதா வரும்.

இரண்டாம் முயற்சியில் சீக்கிரம் முடிக்கலாம் என்று சுழலும் குடுவையின் சுடுநீர்க் குளியலை 70 டிகிரிக்கு ஏற்றினேன். முதல் படியில் அக்ரிலேட்டை அமீனோடு ஒட்டுவது மைக்கேல் வினை; சூட்டில் அது பின்னோக்கி ஓட, கட்டிய கிளைகள் கழன்றன. "அவ்வளவு அவசரம்னா பாலிஸ்டைரீன் பண்ணப் போயிருக்கலாமே" என்றார் கைடு. சரி, மூன்றாவது தடவை 40 டிகிரியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறைமாலை எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

கடைசி அடுக்குக்கு மட்டும் எத்தனாலமீன். நுனிகள் 64உம் ஹைட்ராக்சிலாகிவிட்டால் தாமிரம் வெளியே ஒட்டாமல் உள்ளிருக்கும் அமீன்களைத் தேடிப் போகும். தாமிர சல்பேட்டின் வெளிர் நீலம் டென்ட்ரிமர் விழுந்ததும் அடர்ந்தது. சோடியம் போரோஹைட்ரைடு விட்டேன். கண்ணெதிரே நீலம் மறைந்து பொன்பழுப்பு பரவியது. வண்டல் ஒரு பொட்டுக்கூட இல்லை.

கைடிடம் காட்டலாம் என்று குடுவையைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் திரும்பவும் நீலம். காற்றிலிருந்த ஆக்சிஜன் தாமிரத்தை மறுபடி அயனியாக்கியிருந்தது. அடுத்த தடவை நைட்ரஜன் குழாயைப் பொருத்திவிட்டுத்தான் அவரைக் கூப்பிடப் போனேன்.