ஒரு முழம் தண்ணீர்

நெதர்லாந்தில் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. உத்ரெக்ட் பக்கத்தில் புன்னிக் ஊரையொட்டி இருக்கும் ஃபெக்தன் கோட்டைக்குள் நுழைந்தபோது மண்மேடும் புல்லும் மரங்களும்தான் கண்ணில் பட்டன. அந்த மேட்டுக்குள்ளே செங்கல் அறைகள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. 1867-க்கும் 1870-க்கும் இடையில் கட்டியவை. உள்ளே கால் வைத்ததும் ஈர மண்ணின் குளிர் முகத்தில் அடித்தது.

இந்தக் கோட்டை தனிக்கோட்டை இல்லை. மௌடன் ஊரில் தொடங்கி பீஸ்போஸ் வரை 85 கிலோமீட்டர் நீளும் ஒரு தற்காப்புக் கோட்டில் ஒரு கண்ணி. 1815-ல் தொடங்கி 1940 வரை கட்டியும் திருத்தியும் வந்தார்கள். 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் மதில் கல்லால் ஆனதல்ல, தண்ணீரால் ஆனது. எதிரி வருகிறான் என்றால் மதகுகளைத் திறந்து மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு வயல்களை மூழ்கடிப்பார்கள். எவ்வளவு ஆழம்? 40, 50 செண்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு முழம், அவ்வளவுதான். படகு விட ஆழம் போதாது. பீரங்கியை இழுத்துக்கொண்டு நடக்கவும் முடியாது. வயலுக்கு நடுவில் இருக்கும் வாய்க்கால்கள் தண்ணீருக்கடியில் மறைந்துவிடுவதால், அடுத்த அடி முழங்காலா கழுத்தா என்று படைவீரனுக்குத் தெரியாது. தண்ணீரால் மூழ்காத மேட்டுச் சாலைகளையும் ஆற்று வாய்களையும் காக்கத்தான் கோட்டைகள்.

கோட்டையின் உள்முற்றத்தில் இந்தக் கோடு முழுவதையும் 50 மீட்டர் நீள மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன மதகுகளை நாமே இயக்கலாம். தண்ணீர் வயல்மேல் மெல்லப் படர்வதைப் பார்க்கப் பார்க்க, எனக்கு அந்த வயல்காரர்கள் நினைவாகவே இருந்தது. 1853-ல் வந்த சட்டப்படி, கோட்டையை ஒட்டிய வட்டத்துக்குள் மரவீடு மட்டுமே கட்டலாம் என்று இருந்தது. போர் வந்தால் பீரங்கிக்குப் பார்வை மறைக்காமல் உடனே எரித்துவிட வேண்டுமே! அந்தக் கறுப்பு மரவீடுகள் சில இன்னமும் நிற்கின்றன. நாடு காப்பாற்றப்பட்டது என்று வரலாறு ஒரு வரியில் சொல்லிவிடும். நிலத்தையும் வீட்டையும் கொடுத்தவர்களுக்கு அது ஒரு வரி இல்லை. 1940 மே மாதம் ஜெர்மன் படையோ விமானத்தில் மேலேயே பறந்து வந்தது. ராட்டர்டாம் குண்டுக்கு இரையானதும் நாடு சரணடைந்தது.

அடுத்த நாள் ரயிலில் கோரின்ஹெம். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது கோர்க்கம். பழைய ஊர்மதில்மேல் நடந்து, நான்கு வாயில்களில் மிஞ்சிய ஒன்றான டாலம் வாயிலைக் கடந்தால் படகுத்துறை. அங்கிருந்து ஆற்றைக் கடந்து வௌட்ரிஹெம், அப்புறம் இன்னொரு சின்னப் படகில் லூவஸ்டைன். வால் ஆறும் மாஸ் ஆறும் கலக்கும் மூலையில், 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. இதற்காகவே இந்தப் பயணம் வந்தேன் என்றும் சொல்லலாம்.

ஹியூகோ குரோஷியஸ் என்ற சட்ட அறிஞரை 1619-ல் ஆயுள் தண்டனை கொடுத்து இங்கேதான் அடைத்தார்கள். மனைவி மரியாவும் உடன் தங்க அனுமதி இருந்தது. படிக்கப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வரும், போகும். ஆரம்பத்தில் காவலர்கள் திறந்து பார்த்தார்கள். நாளாக ஆக விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்தவர் மரியா. கணவரைப் பெட்டிக்குள் முடங்கிப் படுக்கவைத்து, அசையாமல் இருக்கப் பழக்கினார். 1621 மார்ச் 22 அன்று அந்தப் பெட்டி வெளியே போனது. பெட்டி கனக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே சிப்பாய்கள் படகில் ஏற்றினார்கள். கூடப் போனவர் எல்ஸ்யா என்ற இளம் பணிப்பெண். கோர்க்கமில் நண்பர் வீட்டில் பெட்டி திறந்தது. கொத்தனார் வேடத்தில், கையில் கரணையும் முழக்கோலுமாக குரோஷியஸ் ஊரைவிட்டுத் தப்பினார். நான்கு ஆண்டு கழித்து பாரிஸில் அவர் வெளியிட்ட போர்ச் சட்ட நூல்தான் சர்வதேசச் சட்டத்தின் அடிக்கல்களில் ஒன்று.

கோட்டையில் வைத்திருக்கும் பெட்டியருகே நெடுநேரம் நின்றேன். ஆம்ஸ்டர்டாமிலும் டெல்ஃப்டிலும் ஆளுக்கொரு பெட்டி உண்டு. எது அசல் என்ற வழக்கு தீரவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு ஆள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்தால்தான் கொள்ளும் அந்த அளவு போதும். மூச்சுச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று பெட்டியருகே உட்கார்ந்து ஆற்றைக் கடந்த எல்ஸ்யாவுக்கு அந்தப் படகுப் பயணம் எவ்வளவு நீண்டிருக்கும்! நான் அதே ஆற்றைக் கடந்தபோது தண்ணீரை வேறு மாதிரி பார்த்தேன்.

இன்னொன்று. லூவஸ்டைன் இருப்பது ஹெல்டர்லாந்து மாகாணத்தில். நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தது இந்த மாகாணத்தை நினைத்துத்தான்.

மூன்றாம் நாள் பீஸ்போஸ். பெயரின் பொருள் கோரைக்காடு. 1421 நவம்பரில் வந்த பெருவெள்ளத்தில் விளைநிலமும் ஊர்களும் மூழ்கிப்போன இடம் இது. இன்று தேசியப் பூங்கா. வெர்கண்டம் பக்கத்தில் புல் வேய்ந்த கூரையோடு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வில்லோ கிளை வெட்டிப் பிழைத்தவர்களின் குடிசை வாழ்க்கையை அங்கே பார்த்துவிட்டு, மின்படகில் கால்வாய்களுக்குள் போனோம். கரையோரம் ஒரு வில்லோ மரம் பென்சில் சீவியது போல் கூராக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்தில் இரட்டை இரட்டையாக உளித்தடம். அடியில் உள்ளங்கை அகலச் சிராய்கள், இன்னும் ஈரம் காயவில்லை. மரத்தைப் பல்லால் கொறித்துச் சாய்க்கும் நீர்விலங்கான பீவர் இரவில் வந்து போயிருக்கிறது. 1826-ல் இந்த நாட்டின் கடைசி பீவரைக் கொன்றார்கள். 1988-ல் எல்பே ஆற்றுப் பக்கமிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள்.

திரும்பும் வழியில் நோர்ட்வார்ட். வயலாக இருந்த இந்தப் பகுதியின் கரைகளைத் தாங்களே தாழ்த்தி, 2015-ல் ஆற்றுக்குத் திறந்துவிட்டார்கள். சில குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. சிலர் புதிதாகப் போட்ட மண்மேட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது சாலை பாலம் பாலமாகப் போகிறது, அடியில் தண்ணீர் தன்போக்கில் வந்து போகிறது. பெருவெள்ளக் காலத்தில் கோர்க்கமில் நீர்மட்டம் இதனால் 30 செண்டிமீட்டர் குறையும்.

அன்று மாலை கோர்க்கம் படகுத்துறைக்குத் திரும்பியதும் கரைச்சுவரில் கையை வைத்து அளந்து பார்த்தேன். ஒரு சாண், நாலு விரல்.