ஐந்து கிலோ

மார்ச் 4

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இன்றோடு பத்து நாள் ஆகிறது. கூடத்தில் மூன்று மடக்கு மிதிவண்டிகள் சுவரோரம் நிற்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும்.

மார்ச் 5

மகன் ஒவ்வொரு வண்டியாகத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் ஏறி நின்றான். அவனுடைய எடையைக் கழித்தால் பிராம்ப்டன் 11.8 கிலோ, டாஹோன் 12.4, ஸ்ட்ரைடா 10.3. வாங்கும்போது இந்த எண்களை வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் கணக்குப் போட்டிருக்கிறேன்! இப்போது மூன்றும் எனக்கு ஒரே எடைதான்.

மார்ச் 8

தூக்கத்தான் கூடாது, மடக்கலாம் அல்லவா என்று மதியம் முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தேன். பிராம்ப்டனின் மடிப்பைப் போல் அழகான மடிப்பு வேறு எதிலும் இல்லை. பின்சக்கரம் அடியில் போய் ஒடுங்குகிறது, முன்பாதி திரும்பி அதன் பக்கத்தில் வந்து அமர்கிறது, இருக்கைத் தண்டை இறக்கியதும் மொத்தமும் பூட்டிக்கொள்கிறது, எண்ணெய்ச் சங்கிலியோ இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது. ஆனால் பின்சக்கரத்தை அடியில் தள்ள, இருக்கையைப் பிடித்து வண்டியை ஒரு சாண் உயர்த்தியாக வேண்டும். தையல் போட்ட இடம் அந்த ஒரு சாணைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.

டாஹோனில் அந்தத் தொல்லை இல்லை. நடுமூட்டின் பிடியைத் திறந்து புத்தகம்போல் மூடினால் போதும், காந்தம் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மடித்த பின்புதான் அதன் குணம் தெரியும். நான்கடி தள்ளுவதற்குள் காந்தம் விட்டுப்போய் வாயைப் பிளக்கிறது. சங்கிலி வெளிப்பக்கம் இருப்பதால் என் வேட்டியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது.

ஸ்ட்ரைடாவைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

மார்ச் 9

மழை. இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

மார்ச் 12

இரண்டை விற்றுவிடுங்கள் என்று மனைவி மூன்றாம் முறையாகச் சொன்னாள். ஸ்ட்ரைடாவைத்தான் முதலில் விற்க நினைத்திருந்தேன். அதற்கு ஒரே கியர், கைப்பிடி சற்றே தொட்டாலும் திரும்பிவிடும், மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, தெருவில் அதில் போனால் சர்க்கஸ்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். 1980களில் மார்க் சாண்டர்ஸ் மாணவராக இருந்தபோது வரைந்த முக்கோண வடிவ வண்டி அது. இன்று அதை மடித்து, சக்கரங்கள் தரையில் உருள, ஊன்றுகோலைப்போல் தள்ளிக்கொண்டு மின்தூக்கிவரை போய்த் திரும்பினேன். எங்கும் தூக்கவில்லை. சங்கிலிக்குப் பதில் வார் என்பதால் வேட்டியும் பிழைத்தது.

மார்ச் 13

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயிலில் ஏற்ற வேண்டுமானால் மடித்த வண்டி 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். ஸ்ட்ரைடாவின் நீளத்தை அளந்தேன், 114. ஆறு செ.மீ. மிச்சம் இருப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி என்று தெரியவில்லை.

மார்ச் 16

தூக்கம் வரவில்லை. பிராம்ப்டனை வடிவமைத்த ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் லண்டனில், பிராம்ப்டன் தேவாலயம் தெரியும் தன் வீட்டு அறையில்தான் தம் முதல் வண்டிகளை உருவாக்கினார். டாஹோனைத் தொடங்கிய டேவிட் ஹோன் லேசர் இயற்பியலாளர். எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் மடக்கு மிதிவண்டியின் பக்கம் திரும்பியவர். மடிந்திருக்கும் வண்டியை யார் எப்படிச் சுமப்பார்கள் என்பதை இவர்களில் அதிகம் எண்ணியவர் யார் என்று இருட்டில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் ஓட்டுவதற்கும் ஐந்து நிமிடம் இழுத்துச் செல்வதற்கும் ஒரே வண்டியை வாங்குகிறோம். கடையிலோ ஓட்டிப் பார்ப்பதோடு சரி.

மார்ச் 19

டாஹோனை விற்பது என்று முடிவு செய்தேன். மாலையில் மனம் மாறியது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடற்காற்றை எதிர்த்துப் போகும்போது அந்த 20 அங்குலச் சக்கரங்கள் தரும் நிதானம் மற்ற இரண்டிலும் கிடையாது. டயர் வெடித்தாலும் எந்தக் கடையிலும் அந்த அளவு கிடைக்கும்; பிராம்ப்டனின் 349 என்ற டயர் அளவுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 21

மறுபடியும் மனம் மாறியது. டாஹோனைப் பார்க்க நாளை ஒருவர் வருகிறார். நடுமூட்டில் கிறீச்சென்று சத்தம் வருமா என்று கேட்டார். வராது என்றேன். பிறகு மூட்டைத் திறந்து துடைத்து, பிடியின் இறுக்கத்தைச் சரிசெய்து, மகனை ஓட்டச் சொல்லிப் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கேட்டேன். வருகிறது, மிக மெல்லியதாக.

மார்ச் 22

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். மணி பத்தே முக்கால்.