கொம்புச்சாவில் ட்ரை ஹாப்பிங்: எந்த ஹாப்ஸோடு எதைச் சேர்ப்பது

வீட்டில் பீர் வடிக்கத் தமிழ்நாட்டில் வழியில்லை. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அப்படி. ஆனால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்பது வெறும் காய்ந்த பூ. பீர்க்காரர்கள் நொதித்து முடிந்த பிறகு, சூடே காட்டாமல் அதை ஊறப்போட்டு மணத்தை மட்டும் இறக்குகிறார்கள். இதுதான் ட்ரை ஹாப்பிங். இதையே கொம்புச்சாவில், அதாவது சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்த பானத்தில், செய்யலாம், காட்பாடி பக்கம் நாங்கள் செய்துகொண்டிருப்பதும் அதுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த ரெண்டைச் சேர்த்தா நல்லா இருக்கும்?" பாக்கெட் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதை முடிவு செய்ய முடியாது. டம்ளரில் கலந்து குடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

அதற்கு முன் அடிப்படை கொம்புச்சா சரியாக இருக்கணும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து போர்த் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள், உப்பு அதிகம். ஆர்.ஓ. கேன் தண்ணீர் போதும். லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, 4 கிராம் டீத்தூள், போன முறை எடுத்துவைத்த புளித்த கொம்புச்சா 100 மில்லி. சாதாரணமாகப் போடுவதைவிட டீத்தூளைக் குறைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: டீயின் துவர்ப்பும் ஹாப்ஸின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். கிரீன் டீ என்றால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் 5, 6 நாளில் தயாராகிவிடும், மார்கழியில் 10 நாளுக்கு மேல் போகும். நாளைப் பார்க்காமல், புளிப்பை அளக்கும் பிஎச் தாளைப் பாருங்கள் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). 3.2 கிட்ட வந்ததும் எடுத்துவிடணும். 2.8 வரை விட்டால் வினிகர் வாடை முன்னே வந்து நிற்கும், பிறகு எந்த ஹாப்ஸ் போட்டாலும் வீண்.

அடுத்த முறைக்கான 100 மில்லியையும் ஸ்கோபியையும் (ஜாடியில் உருவாகும் பாக்டீரியா, ஈஸ்ட் ஆடை) ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். ஹாப்ஸின் அமிலங்கள் சில பாக்டீரியாக்களை அடக்கும். தூளும் எண்ணெயும் ஸ்கோபியில் ஒட்டிக்கொண்டால் அந்த வாடை அடுத்த ஜாடிக்கும் போகும்.

ஹாப்ஸ் வாங்கும்போது பெல்லட்டாக (பொடித்து அழுத்திய சின்னக் குளிகை), காற்றுப்புகாத அலுமினிய உறையில் வாங்குங்கள். உறை மேல் அறுவடை வருஷம் இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பா ஹாப்ஸ் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடையாகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிப்ரவரிக்கு மேல். கத்திரி வெயிலில் கூரியர் குடோனில் ரெண்டு நாள் கிடந்த பாக்கெட் பாதி செத்துத்தான் வரும், அதனால் தை, மாசிக்குள் வருஷத்துக்கானதை வாங்கி ஃப்ரீசரில் வைப்பதே நல்லது. பிரித்ததும் ஒரு பெல்லட்டை விரலில் நசுக்கி மோந்து பாருங்கள். பச்சையாக, பிசுபிசுவென்று ஒட்டணும். பழுப்பாக உதிர்ந்து, பழைய சாக்ஸ் மாதிரி அடித்தால் எண்ணெய் போய்விட்டது, அமிலம் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அதை எதோடு சேர்த்தும் காப்பாற்ற முடியாது.

இப்போது கலப்பு. நாலு வகை ஹாப்ஸ் இருந்தால் 250 மில்லி கண்ணாடி ஜாடி நாலு. ஒவ்வொன்றிலும் ஒரே வகை, 1 கிராம். அதாவது லிட்டருக்கு 4 கிராம் கணக்கு. நகை எடை போடுகிற சின்ன டிஜிட்டல் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், மேலே காற்று நின்றால் மணம் மங்கும். ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், நடுவில் ரெண்டு தடவை மெதுவாகக் கவிழ்த்து எடுத்து, மல் துணியில் வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் சீக்கிரம் இறங்குமே என்று தோன்றும். இறங்கும், மணத்தோடு புல் வாடையும் சேர்ந்து இறங்கும்; 35 டிகிரியில் ஈஸ்ட்டும் சும்மா இருக்காது. மூணு நாள் ஊறவைப்பதிலும் லாபமில்லை. மணத்தில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிடும், மீதி நாளில் வருவது துவர்ப்பு.

மருந்துக்கடையில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு ஜாடியிலிருந்து எடுத்து டம்ளரில் கலக்கணும், டம்ளருக்கு 30 மில்லி: ஒன்றில் 20-க்கு 10, அடுத்ததில் 15-க்கு 15, அதற்கடுத்ததில் 10-க்கு 20. எல்லா ஜாடியும் ஒரே அளவில் ஊறியதால் எப்படிக் கலந்தாலும் மொத்தம் லிட்டருக்கு 4 கிராம்தான் நிற்கும். டம்ளரில் பிடித்த விகிதத்தை அப்படியே பெரிய ஜாடிக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் இதில் வசதி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் கழித்துக் குடியுங்கள், ரொம்பச் சில்லென்று இருந்தால் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. நடுநடுவே தண்ணீரும் கொஞ்சம் பொரியும். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள்.

ஜோடிகளைப் பற்றி எங்கள் தீர்ப்பு இது. சிட்ரா, கேஸ்கேட் என்ற ரெண்டு ஹாப்ஸ் வகையும் 2-க்கு 1, கிரீன் டீயில். சிட்ரா மாம்பழம், லிச்சி பக்கம் போகும். 1972-ல் வந்த பழைய கேஸ்கேட் பம்பளிமாஸ் தோலும் பூ வாசனையும் கொடுத்து அதன் தித்திப்பை அடக்கும். முதல் முறை செய்கிறவர்கள் இதிலேயே ஆரம்பிக்கலாம்.

சிட்ரா, மொசைக், சிம்கோ, நெல்சன் சாவின் இந்த நாலிலும் கந்தகம் சேர்ந்த தையால் என்ற மணப்பொருட்கள் வேலை செய்கின்றன. கொஞ்சமாக இருந்தால் பழம், அளவு மீறினால் வியர்வை, வெங்காயம். அதனால் இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காமல், ஜோடியை வெளியிலிருந்து தேடுவதே பத்திரம். பீரில் சிட்ரா, மொசைக் பேர்போன ஜோடிதான். மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) கனம் அங்கே தாங்கிப்பிடிக்கிறது. கொம்புச்சாவில் அந்தக் கனம் கிடையாது.

செக் நாட்டு சாஸ் (Saaz) என்ற ஹாப்ஸைச் சரிபாதி போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. சாஸில் எண்ணெயே குறைவு, 100 கிராமுக்கு 1 மில்லிகூடத் தேறாது. மொசைக்கில் அதைவிட அதிகம். சாஸ் 3, மொசைக் 1 என்று வைத்தால்தான் சாஸின் மூலிகைக் காரம் தெரியும். சிம்கோவைக் கறுப்பு டீயில் போடவே வேண்டாம், பைன் பிசின் வாடையும் டீத் துவர்ப்பும் சேர்ந்து கஷாயமாகிவிடும். சொராச்சி ஏஸ் எலுமிச்சையும் சதகுப்பையும் கலந்த மாதிரி அடிக்கும். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போனால் மற்றதெல்லாம் காணாமல் போகும்.

லாங்கு பஜாரில் வாங்குகிற நன்னாரி வேரைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், மொசைக்கோடு அழகாக ஒட்டும். நன்னாரியின் மணப்பொருள் வனிலின் குடும்பம், பழ மணத்துக்கு அடியில் போய் நிற்கும். லிட்டருக்கு 2 கிராம், இடித்து, ஹாப்ஸோடு சேர்த்தே ஊறப்போடலாம். வெட்டிவேர் வேண்டாம், அதன் முன் எந்த ஹாப்ஸும் எடுபடாது.

மூணாவது ஹாப்ஸ் சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். லிட்டருக்கு 4 கிராமை மூணாகப் பிரித்தால் எதுவும் தனியாகத் தெரியாது. அளவை ஏற்றுவதும் பதிலில்லை. பீரிலேயே லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போட்டால் மணம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

பெரிய ஜாடியில் பெல்லட்டைத் துணிப்பையில் போட்டால், பையில் மூணில் ஒரு பங்கு மட்டும் நிரப்புங்கள். பெல்லட் ஊறி நன்றாக உப்பும். இறுக்கமாக இருந்தால் நடுவில் காய்ந்தபடியே கிடக்கும். மிதக்காமல் இருக்க ஒரு எவர்சில்வர் ஸ்பூனை உள்ளே போட்டுக் கட்டுங்கள். பையைப் பிழியக் கூடாது, அடியில் இருக்கிற துவர்ப்பெல்லாம் வந்துவிடும்.

கேஸ் ஏறிய கொம்புச்சாவில் பெல்லட்டைப் போடவே போடாதீர்கள். ஒவ்வொரு துகளிலும் குமிழி பிடித்து, பாதி ஜாடி நுரையாகத் தரைக்கு வந்துவிடும். ஹாப்ஸ் முதலில், வடிகட்டிய பிறகு பாட்டில். இனிப்பு மிச்சமிருந்தால் சர்க்கரை சேர்க்க வேண்டாம். இல்லாவிட்டால் லிட்டருக்கு 4 கிராம். கண்ணாடி பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். அது அமுக்கினால் அமுங்காமல் விறைப்பானதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றணும். மே மாதத்தில் ஒரே நாள் போதும். இன்னும் வெளியே விட்டால் பாட்டில் வெடிக்கலாம், ஆல்கஹாலும் 0.5 சதவீதத்தைத் தாண்டலாம். ரெண்டு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள், மணம்தான் முதலில் போகும்.

ஊறிய சக்கையைத் தெருக் குப்பையில் கொட்டாதீர்கள். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். உடம்புச் சூடு தாறுமாறாக ஏறிச் செத்தே போகலாம். மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடுங்கள்.